அவள் காதுக்குப் போகாத குரல்

உங்கள் அறை ஃபேன் லேசாகத் தட்டுகிறது, டாக்டர். இறக்கை ஒன்று வளைந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு நிமிர்த்தச் சொன்னால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது சத்தம்தான். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோதுகூடக் குளிர்கிறதா என்று பார்க்காமல், உறுமுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தவன் நான். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்கு வெளியே ஓடிவிட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னீர்கள். சாத்திவிட்டேன். தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அம்மா. ஒரு வார்த்தை பேசக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், குழந்தைகள் எழுதிப் பழகும் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். குரல் நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, அதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றீர்கள். ஆபரேஷன் முடிந்தால் பேச்சு வந்துவிடும், பாட்டைப் பற்றி மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது என்றீர்கள். "பாட்டு போனா போகட்டும் டாக்டர், என்னை அம்மான்னு கூப்பிட்டா போதும்," என்று அம்மா அழுதாள். தங்கை அழவில்லை. அவளுக்குப் பாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டது தொண்டைக்காக இல்லை, காதுக்காக. பாடும்போது தன் குரலே தனக்குக் கேட்பதில்லை, அதனால்தான் கத்திக் கத்திப் பாடினேன் என்று பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். நீங்கள் சோதித்துப் பார்த்தால் இரண்டு காதும் சுத்தமாக இருக்கிறது. குண்டூசி விழுந்தால் கேட்கிற காது என்றீர்கள். அப்படியானால் தலைக்குள் ஏதாவது இருக்கலாம், அந்தக் குழாய் மெஷினுக்குள் படுக்கவைத்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள்.

வேண்டாம், டாக்டர். அடைத்த இடம் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். லிஃப்டில்கூட என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். அவளை வீணாக வதைக்க வேண்டாம். அவள் காதிலும் ஒன்றும் இல்லை, தலைக்குள்ளும் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ராக் இசைக்குழுவை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ராக் என்றதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம், எங்களுடையது மெலடி. கிட்டார் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் கேட்டுவிட்டு நீங்கள் மாடிப்படி இறங்கும்போது மெட்டும் கூடவே இறங்கி வரும். மெட்டு என்னுடையது, கிட்டார் என்னுடையது, பதிவு செய்வதும் நான்தான். ட்ரம்ஸ் வாசிப்பவனை இடி என்று கூப்பிடுவோம். ஆளைப் பார்த்தால் தும்மினாலே விழுந்துவிடுவான் போலிருப்பான். பேஸ் கிட்டார் வாசிப்பவன் பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பாடுவது என் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அப்பா போன பிறகு அவளை வளர்த்ததில் பாதி நான். தலை பின்னிவிட்டிருக்கிறேன், ஜுரம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள்மேல் எனக்கு ஏதோ கோபம் இருந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

முதல் ஆல்பத்தை எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். பொண்ணு நல்லா பாடுது என்றார்கள். பொண்ணு குரல் தேன் மாதிரி இருக்கு என்றார்கள். எங்கே போனாலும் பொண்ணு, பொண்ணு. அவ்வளவு பாட்டையும் யார் போட்டது என்பது அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், முதுகெலும்பையா பார்ப்பார்கள். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஆல்பம் வேறு விஷயம். முதலாவதற்குப் பல வருஷமாகச் சேர்ந்த பாட்டு கையிருப்பில் இருக்கும், ஆசையிலேயே செய்து முடித்துவிடலாம். இரண்டாவதற்கு உட்காரும்போதுதான் பெட்டி காலி என்று தெரியும். ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர் வந்து, "போன தடவை மாதிரியே வேணாம்," என்றார். சரி என்றோம். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "அதுக்காக வேற மாதிரியும் பண்ணிடாதீங்க," என்றார். இடி அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ குழுக்கள் இரண்டாவது ஆல்பத்தோடு ஆள் அட்ரஸ் இல்லாமல் போனதைப் பார்த்தவன் நான்.

எங்கள் ஸ்டூடியோ ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையின் மாடி. கீழே நாள் முழுக்க இரும்பைத் தட்டுகிற சத்தம். மேலே சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருக்கிறோம். பாடும் அறை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது, மூலையில் பலகை அடித்து மறைத்த ஒரு பீரோ அளவு இடம். ஒரு ஆள் நிற்கலாம், கையை நீட்ட முடியாது. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி. லிஃப்டுக்கே நடுங்குகிறவள் அங்கே மட்டும் நிற்பாள். "நீ எனக்குத் தெரியிற மாதிரி உக்காருண்ணா, அது போதும்," என்பாள். என் மேஜையை அவள் பார்வையில் படும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் அவளுக்கு உலகம் என்பது ஹெட்போன்தான். ட்ரம்ஸ் எவ்வளவு கேட்க வேண்டும், கிட்டார் எவ்வளவு, அவள் குரல் அவளுக்கே எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் என் மேஜையில் தனித்தனிக் குமிழ். அவள் பாடுவது மைக் வழியாக என்னிடம் வரும். நான் எவ்வளவு திருப்பி அனுப்புகிறேனோ அவ்வளவுதான் அவள் காதுக்குப் போகும். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தன் பேச்சு தனக்குக் கேட்காவிட்டால் மனுஷன் தன்னை அறியாமல் தொண்டையை உயர்த்துவான். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, உடம்பே செய்துகொள்ளும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் தடவை நடந்தது சத்தியமாகத் தற்செயல். பஸ் போய்விட்ட பிறகும் நிறுத்தத்திலேயே நிற்கிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. நான் போட்ட மெட்டுகளிலேயே அதுதான் எனக்கு உயிர். வாலு அதை ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறவள் மாதிரி பாடிக்கொண்டிருந்தாள். சுத்தமாக, அழகாக, ஒரு குறை சொல்ல முடியாமல். எத்தனை தடவை எடுத்தும் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பஸ் கண்டிப்பாக வந்துவிடும் என்றுதான் பட்டது. நான் சோர்ந்துபோய்க் கடைசியாக ஒரு தடவை என்று ஓடவிட்டேன். பாதிப் பாட்டில் மேஜைக்கு அடியில் ஒரு பிளக் நழுவியிருக்கிறது. அவள் குரல் அவள் ஹெட்போனில் செத்துவிட்டது. மைக்கில் ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அடிவயிற்றிலிருந்து உந்திப் பாடினாள். உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் கிழிந்தது.

அதை எப்படிச் சொல்வது. புதுத் துணியைக் கையால் கிழித்தால் வருமே, அப்படி. மேலே ஸ்வரம் சரியாக நிற்கிறது, அடியில் நார் நாராகப் பிரிகிறது. இடி குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "மச்சான், இத்தனை நாளா இத எங்கடா வச்சிருந்தா?" என்றான். வேன் ஓட்டுகிறவன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் தொண்டையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். "சாரிண்ணா, என் குரலே எனக்குக் கேக்கல. கத்திட்டேன் போல. இன்னொரு தடவை எடுத்துக்கலாம்," என்றாள். வேண்டாம், இதுதான் என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

எல்லோரும் போன பிறகு குனிந்து பார்த்தேன். பிளக்கைச் சரியாகச் செருகினேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த பாட்டில் அவள் குரல் பழையபடி தேனாகிவிட்டது. "அந்தப் பஸ் பாட்டு மாதிரி வரலியே வாலு," என்று இடி வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டான். அவள் வேண்டுமென்றே குரலைக் கிழித்துப் பார்த்தாள். நாடகத்தில் அழுகிற மாதிரி இருந்தது. அவளுக்கே தெரிந்துவிட்டது. உள்ளே நின்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "எப்படி வந்துச்சுன்னே தெரியலண்ணா, எனக்குத் திரும்ப வர மாட்டேங்குது," என்றாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்கு உதவியாகத்தான் குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். ஒரு மயிரிழை. அன்றைக்கு அந்தப் பாட்டு நன்றாக வந்தது. அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள்.

ஒரேயடியாக இறக்கினால் கண்டுபிடித்துவிடுவாள். தினமும் கொஞ்சமாக இறக்கினால் காது பழகிக்கொள்ளும். கண்பார்வை மங்குகிற மாதிரி, குறைவது தெரியாது. பதிலுக்கு ட்ரம்ஸையும் கிட்டாரையும் லேசாக ஏற்றி வைத்தேன். "என் குரலைக் கொஞ்சம் ஏத்துண்ணா," என்று கேட்பாள். நான் அவள் பார்க்கும்படி கையை நீட்டி, எதனோடும் சேராத ஒரு குமிழைத் திருகுவேன். "இப்ப?" என்பேன். ஒரு நொடி யோசிப்பாள். "ம், பரவால்ல. இப்ப ஓகே," என்பாள். ஒன்றுமே மாறியிருக்காது. நான் ஏற்றிவிட்டேன் என்று சொன்னால் அவளுக்கு ஏற்றின மாதிரிதான். சின்ன வயதில் இருட்டில் பயந்தால், நான் ஊதிவிட்டேன், பேய் போய்விட்டது என்பேன், உடனே தூங்கிவிடுவாள்.

பாடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் ஹெட்போனை ஒரு காதிலிருந்து கழற்றி விட்டுக்கொள்வார்கள். வெறும் காதில் அறைக்குள் இருக்கும் சொந்தக் குரல் விழும், அதை வைத்துச் சமாளிப்பார்கள். வாலுவும் ஒருநாள் அப்படிச் செய்தாள். நான் உடனே நிறுத்தச் சொன்னேன். கழற்றிய பக்கத்திலிருந்து ட்ரம்ஸ் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும், பதிவு கெட்டுவிடும் என்றேன். அது பொய் இல்லை, டாக்டர். தொழிலில் உள்ள யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு காதையும் இறுக்கி மூடிக்கொண்டு, "சாரிண்ணா," என்றாள்.

இடிக்கு ஒரு தடவை சந்தேகம் வந்தது. அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, விளையாட்டாக அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு மைக்கில் ஏதோ உளறினான். "டேய், இதுல ஆள் குரலே வரலியேடா. இத வச்சா பாடிட்டிருக்கா?" என்றான். கேபிள் தகராறு, மாற்றிவிடுகிறேன் என்றேன். "சீக்கிரம் மாத்துடா, பாவம் அது," என்றான். அதோடு மறந்துவிட்டான். என்னைச் சந்தேகப்படுகிற வழக்கம் அவர்கள் யாருக்கும் இல்லை.

காலையில் அவளுக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனது நான்தான். "தொண்டை கட்டியிருக்குடா, ரெண்டு நாள் அவள விடேன்," என்றாள் அம்மா. ஆல்பம் முடியட்டும், அப்புறம் எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கட்டும் என்றேன். வாலுவும் என் பக்கம்தான் பேசினாள். "நான்தாம்மா சரியா பாடல. எனக்காக அண்ணன் தினமும் உக்காந்திருக்கான்," என்றாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. எழுந்து கை கழுவிவிட்டேன்.

பிறகு அவளுக்குக் காதில்தான் கோளாறு என்று பட்டுவிட்டது. ஒருநாள் படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணா, எனக்குக் காது போகுதோன்னு பயமா இருக்கு. பேசினா கேக்குது. பாடினா மட்டும் என் குரல் எங்கேயோ தூரத்துல கேக்குது. அம்மாகிட்ட சொல்லாத," என்றாள். பக்கத்துத் தெருவில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அழுக்கு கொஞ்சம் இருக்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதை நான்தான் விடுவேன். மதியம் சாப்பிட்ட பிறகு ஸ்டூடியோ சோபாவில் என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடுபடுத்திக்கொள்வேன், குளிர்ந்து இறங்கினால் தலை சுற்றும் என்று சொல்லியிருந்தார். "இன்னும் கொஞ்சம் சாய். அசையாத," என்பேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "அண்ணா, நான் செவிடாயிடுவேனா?" என்று கேட்டாள் ஒரு தடவை. "சேச்சே, குளிருக்கு அடைச்சிருக்கும். சரியாயிடும்," என்றேன். ஒரு காதுக்கு மூன்று சொட்டு, பிறகு பஞ்சு. அப்புறம் அவள் எழுந்து பாடும் அறைக்குள் போவாள், நான் மேஜைக்குப் போவேன்.

நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல் குமிழைப் பழைய இடத்துக்கே ஏற்றி வைத்துவிட்டேன். அவள் முதல் வரியைப் பாடியதும் நின்றுவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்துபோய், "அண்ணா, காது தொறந்துடுச்சுண்ணா! மருந்து கேக்குது!" என்று கண்ணாடியைத் தட்டினாள். அன்று அவள் எவ்வளவு லேசாகப் பாடினாள் தெரியுமா. தொண்டையில் ஒரு சிரமம் இல்லை. அவளைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால் பழைய கதை. தேன். பொண்ணு நல்லா பாடுது.

மறுநாள் மறுபடியும் இறக்கினேன். "திரும்ப அடைச்சிடுச்சுண்ணா," என்றாள். அதற்குப் பிறகு அவள் ஏற்றச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டாள். என் கை அதுபாட்டுக்குப் போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையில் ஸ்டூடியோ பூட்டைத் திறக்கும்போது, இன்றைக்கு வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொள்வேன். அவள் உள்ளே போய் நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆல்பம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கம்பெனிக்காரர் கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். முதல் தடவையாக, மெட்டு போட்டது யார் என்று வெளியாட்கள் விசாரித்தார்கள். அவள் குரல் உடைகிற ஒவ்வொரு இடமும் என் மெட்டு உச்சத்தைத் தொடும் இடம். அது எல்லோருக்கும் புரிந்தது. வாலு முழுக்கக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இது நானாண்ணா? யாரோ அடிவாங்கின மாதிரி இருக்கு," என்றாள். பெரிய பாராட்டு அது.

ஆமாம், டாக்டர். அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். வாலு எங்களை விட்டுப் போவதாக இருந்தது உண்மைதான். கம்பெனிக்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். வேறு ஊர், வேறு இசையமைப்பாளர், அவள் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு ஒரு ஆல்பம். சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். "நீ வேணாம்னா நான் போகலண்ணா. நிஜமா சொல்றேன்," என்றாள். "நானா தடுப்பேன்? தாராளமா போ," என்றேன். ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். "நம்ம ஆல்பத்த முடிச்சுட்டுத்தான் போவேன். அது சத்தியம்," என்றாள்.

அவள் போவதில் எனக்கு வருத்தம்தான். அதை மறைக்கவில்லை. என் மெட்டை நான் வேறு யார் வாயில் வைத்துக் கேட்பேன். வீட்டில் அவள் சத்தம் இல்லாமல் நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. ஆனால் மனதாரத்தான் போ என்றேன். எப்போது என்று கேட்கிறீர்களா. பிளக் நழுவிய அதே வாரம்தான். பிளக் நழுவியதற்கும் நான் குமிழில் கை வைத்ததற்கும் நடுவில். நாளை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரி தோன்றும். அதனால்தான் முதலிலேயே சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் செய்ததெல்லாம் பாட்டுக்காக. ஒரு நல்ல பதிவுக்காக. அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு உதவி கேட்கலாமா. நேற்று அவள் பலகையில், எனக்குப் பைத்தியமா என்று எழுதி என்னிடம் காட்டினாள். காது சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதிலிருந்து அப்படித்தான் இருக்கிறாள். கேட்டதையே கேட்கவில்லை என்று கற்பனை செய்துகொண்டு தன் தொண்டையைத் தானே கெடுத்துக்கொண்டதாக நினைக்கிறாள். அந்தக் குற்ற உணர்ச்சியோடு அவளை ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காதில் நிஜமாகவே அடைப்பு இருந்தது, உங்கள் அண்ணன் விட்ட மருந்தில் சரியாகிவிட்டது என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நம்புவாள். அவளுக்கும் ஆறுதலாக இருக்கும், எனக்கும்.

சொல்ல மாட்டீர்கள். சரி. நீங்கள் டாக்டர், உங்களுக்கு ஒரு முறை இருக்கும்.

ரத்தம் வந்த அன்றைக்கு எந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தோம் என்று கேட்கிறீர்கள்.

மதிய நேரம். இடியும் மற்றவனும் இல்லை. அவள் ஊருக்குப் போகப் பெட்டி கட்டியாகிவிட்டது. அந்த இசையமைப்பாளர் பயிற்சிக்காக ஒரு பாட்டின் இசையை அனுப்பியிருந்தார். "ஒரே ஒரு தடவை பாடிப் பாத்துக்கறேண்ணா. தெரியாத ஆளுங்க முன்னால போய்ச் சொதப்பக் கூடாதுல்ல," என்று என்னைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே போய் நின்றாள். ஹெட்போனை இரண்டு காதிலும் இறுக்கி மாட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டாவது சரணத்தில் இருமினாள். வாயைப் பொத்திய கையை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அண்ணா என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

இல்லை, டாக்டர். அன்றைக்கு நாங்கள் எதையும் பதிவு செய்யவில்லை. எங்கள் ஆல்பம் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. அவள் பாடிக்கொண்டிருந்தது அவர்களுடைய பாட்டு, அதில் என் மெட்டு ஒரு வரிகூடக் கிடையாது. அவள் குரலின் குமிழை நான் அடிமட்டம்வரை இறக்கியிருந்தேன்.